இன்னும் இடிக்குது

பல்லின் மேல் மாட்டும் மூன்று கேப்களை ஒரு சின்ன எஃகுத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினான், பல் டாக்டரான என் கொழுந்தன். ஒன்று முழுக்க உலோகம், பாத்திரக்கடைப் பளபளப்பு. இன்னொன்று உள்ளே உலோகம், மேலே பீங்கான். கவிழ்த்துப் பார்த்தால் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மூன்றாவது ஜிர்கோனியா. அது மட்டும்தான் அசல் பல்லைப்போலவே இருந்தது, யாரோ சற்று முன் கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல. மாதிரிக்காக வைத்திருப்பவைதான், ஆனாலும் உள்ளங்கையில் வாங்கும்போது கூச்சமாக இருந்தது. வாங்கியதும் எடை பார்த்தேன். தொழில் புத்தி. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சரிபார்த்து முத்திரை வைக்கும் உத்தியோகம் எனக்கு, இருபத்தாறு வருஷமாக.

“கடைவாய்ப் பல்லு அண்ணி, யாரு பாக்கப் போறா? என்னைக் கேட்டா மெட்டல்தான் சொல்வேன். மெல்லிசாப் போடலாம், எதிர்ப் பல்லும் தேயாது. அம்மாவுக்கும் அதுதான் போட்டிருக்கேன்.”

“பீங்கான்?”

“சில பேருக்கு மேல இருக்கிற பீங்கான் பேந்து வந்துடும். நீங்க வேற வேர்க்கடலைன்னா விட மாட்டீங்க.” சிரித்தான். என் பல் பிளந்தது வேர்க்கடலை கடித்துத்தான். பக்கத்தில் நின்ற என் மகளும் சிரித்தாள். “ஜிர்கோனியா உடையாது, யானை மிதிச்சாலும் அப்படியே கெடக்கும். ஆனா லேப்ல இருந்து கச்சிதமா வரணும். கொஞ்சம் ஒசரமா வந்துட்டா, ராவி எறக்குறதுக்குள்ள என் உயிரு போயிடும்.”

“அப்ப அதையே போடுங்க தம்பி” என்றேன்.

அவன் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டான். ஐம்பத்து மூன்று வயதில் அண்ணிக்கு அழகு மேல் ஆசை வந்திருக்கிறது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். நேரில் நான் அவனை ‘நீங்க’, ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் மூன்று வருஷமாக ‘அவன்’தான். சில நாட்களில் அதைவிடவும் கீழே.

இந்த நாற்காலியில்தான் என் வீட்டுக்காரரும் படுத்திருந்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண், பயறளவு. வலிக்கவில்லை, அதனால் அவருக்கு வரவே மனசில்லை. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இவன் விளக்கைத் திருப்பிப் பார்த்தான், கையுறை விரலால் நாக்கை இழுத்துப் பார்த்தான். “பல்லு கூரா இருக்குண்ணே, அது உரசித்தான் புண்ணாயிருக்கு” என்றான். கருவியை எடுத்து அந்தப் பல்லின் முனையை இரண்டு நிமிஷம் ராவினான். “ஆறிடும்” என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு சொல் இல்லை. நான் அந்தச் சுவரோரம், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் கழித்து நானே போன் போட்டேன். வாய் கொப்பளிக்க மருந்து சொன்னான். ஐந்தாம் மாதம் பெரிய மருத்துவமனையில் வேறு பெயர் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவர் இல்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். தவறு யாருக்கும் வரும். நானும் ஒருமுறை தப்பான எடைக்கல்லை வைத்து ஒரு கடைத் தெருவின் தராசுகளையெல்லாம் தவறென்று தள்ளியவள், மறுநாள் ஒவ்வொரு கடையாக ஏறி மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அவரைக் கொண்டுபோய்விட்டு வந்த அன்று, கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்க, இவன் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்: “ரெண்டு வாரத்துல ஆறலைன்னா வரச் சொன்னேன், டெஸ்டுக்கு அனுப்பணும்னு சொன்னேன். அண்ணி கூட்டிட்டு வரல.” எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ஈரத் தலையோடு நின்றிருந்தேன். வாய் வரவில்லை. அந்தத் தலைகளில் ஒன்று என் மகளுடையது.

அவள் அப்போது பல் மருத்துவம் இரண்டாம் வருஷம். விடுதியிலிருந்து வந்திருந்தாள். சொந்தபந்தம் என்ன நினைத்தாலும் எனக்கு உப்புக்கும் பெறாது. இவள் நினைத்ததுதான் என்னைத் தின்றது. எனக்குத் துணிவு வந்து, “உங்க சித்தப்பா அப்படிச் சொல்லவே இல்லடி” என்று ஒருநாள் சொன்னபோது அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் பேசினாள்.

“ரெண்டு வாரத்துல ஆறாத புண்ணுன்னா டெஸ்டுக்கு அனுப்பணும்னு எங்களுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்மா. சித்தப்பா அதைச் சொல்லாம இருந்திருப்பாரா? உனக்குப் பதற்றத்துல காதுல விழுந்திருக்காது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “விடு. இனிமே பேசி என்ன ஆகப் போகுது” என்றாள்.

என் காதைப் பற்றி அவள் சொன்னது அதுதான். அன்றிலிருந்து அவள் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறாள். தட்டை எடுத்துக் கழுவுகிறாள், மாத்திரை ஞாபகப்படுத்துகிறாள். சண்டை போடுவதில்லை. தனக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் என்னிடம் சொல்வதில்லை. சித்தப்பாவுக்குப் போன் போடுகிறாள். படிப்பு முடிந்து, அடுத்த மாதத்திலிருந்து முறைப்படி அவனுடைய கிளினிக்கில்தான் சேரப்போகிறாள். இப்போதே பழகுவதற்காக வந்து நிற்கிறாள், வெள்ளைக் கோட்டும் குறிப்பு நோட்டுமாக. பல் பிளந்தபோது வேறு டாக்டரிடம் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் நானே அவளிடம், “உங்க சித்தப்பாகிட்டயே போறேன்” என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா சமாதானத்துக்கு வருகிறாள் என்று நினைத்தாள் பாவம்.

என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கும் தெரியாது. எதையாவது செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

வேர்ச் சிகிச்சை முடிந்து, அளவெடுத்து, பத்து நாளில் ஜிர்கோனியா கேப் வந்தது. ஒட்டுவதற்கு முன்னால் மாட்டிப் பார்த்தான். பற்களுக்கிடையே நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னான். எங்கே உயரமோ அங்கே நீலப் புள்ளி விழும், அங்கே ராவ வேண்டும். கடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாய்க்குள் ஒன்று புதிதாக வந்திருப்பதே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதம். கை சுத்தமானவன், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

“தாள்ல சரியா இருக்கு. ஆனா தாளை முழுசா நம்பக் கூடாது” என்று மகளிடம் சொன்னான். அது அவன் பழக்கம். பத்து டாக்டர்கள் தாளைப் பார்த்துவிட்டு ஒட்டி அனுப்பினால் இவன் நோயாளியைக் கேட்பான். “கடிக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க போதும்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது.” மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவன் என் பக்கம் குனிந்தான். “இடிக்குதா அண்ணி?”

நோயாளி சொல்வதுதான் இவனுக்கு வேதம். என் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் போன் போட்டபோது நேரில் வரச் சொல்லவில்லை, இப்போது வேதம்.

“இடிக்குது” என்றேன்.

அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியம்தான். கேப்பைக் கழற்றினான், தண்ணீர் விட்டு ராவினான், மாட்டினான். இடிக்குது. மறுபடியும். இடிக்குது. ஜிர்கோனியா சாமானியமாகத் தேயாது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவி ஊசிக்குரலில் அழுதது. அவன் சொன்னது நிஜம்தான், உயிர் போனது. கண்ணாடி வியர்வையில் நழுவியது, முதுகை நிமிர்த்தி நிமிர்த்திக் குனிந்தான். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஏழாவது தடவைக்குப் பிறகு அன்றைக்கு முடியாது என்று தற்காலிகக் கேப்பையே திருப்பி ஒட்டி அனுப்பினான். பழி வாங்குவது இப்படிக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு செய்கிற வேலை என்று தெரிந்திருந்தால் மூன்று வருஷம் வீணாக்கியிருக்க மாட்டேன்.

அன்று மதியம் ஒரு மளிகைக் கடையில் இரண்டு கிராம் கூடுதலாகக் காட்டிய தராசுக்கு முத்திரை தர மறுத்தேன். கடைக்காரர் கெஞ்சினார். “ரெண்டு கிராம்தானே மேடம்.” ரெண்டு கிராமா, பொய்யென்றால் பொய்தான் என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். பாதிப் பாடத்தில் எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் முத்திரை தரவில்லை.

அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும். ராவி ராவி முதல் கேப்பில் வெளிச்சம் தெரிந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது செய்யச் சொல்லி அனுப்பினான். “அண்ணி, பேசாம மெட்டலுக்கு மாறிடலாம். அரை மில்லிமீட்டர் இருந்தாப் போதும் அதுக்கு. ராவறதும் சுலபம், உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்” என்றான்.

“எனக்கு வெள்ளையாத்தான் வேணும்.”

“பின்னாடி பல்லுக்கு என்னம்மா இப்படி ஒரு பிடிவாதம்?” என்றாள் மகள். “யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல.”

இரண்டாவதும் அதே கதியாகி, மூன்றாவதுக்குச் சொல்லியாயிற்று. வீட்டில் அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். சித்தப்பா இதுவரைக்கும் யாருக்கும் மூன்று தடவை கேப் மாற்றியதில்லையாம். லேப்காரர், ‘உங்க அளவுல ஏதோ கோளாறு’ என்று சொல்லிவிட்டாராம். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாராம். “அவர் எவ்வளவு பொறுமையா செய்றாரு தெரியுமா உனக்காக?” என்றாள். எனக்கு வலப்பக்கமே மென்று மென்று அந்தப் பக்கத் தாடை விண்ணென்று தெறித்தது. அந்த வலியையும் அவன் கணக்கில்தான் வைத்தேன்.

மூன்றாவது கேப்பை மாட்டிப் பார்த்த அன்று அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னான், எடுத்து விளக்கில் பார்த்தான். பிறகு மிட்டாய்த் தாளைப் போன்ற மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றை வைத்துக் கடிக்கச் சொல்லி, நான் இறுக்கிக் கடித்திருக்கும்போதே மெல்ல இழுத்தான். அது தடங்கலே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தது. அவன் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

“உள்ளே போயி உங்கம்மாவோட முதல் அச்சை எடுத்துட்டு வா. மேல் அலமாரில பெட்டி பெட்டியா இருக்கும். தேடணும்.”

அவள் போனாள். அவன் முகமூடியைக் கழற்றவில்லை. சக்கர நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“முதல் கேப்பே சரியாத்தான் இருந்துச்சு அண்ணி.”

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும். இதை லேப்லயே தாழ்த்திச் செய்யச் சொன்னேன், இப்ப உங்க மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கவே இல்ல. தகடு சும்மா உருவிட்டு வருது.”

“தெரிஞ்சுதான் ராவுனீங்களா?”

“ம்.”

“எதுக்கு?”

“நீங்க இடிக்குதுன்னு சொன்னீங்க.” தட்டிலிருந்த கருவிகளை வரிசையாக அடுக்கினான். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன. “ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் நீங்க வந்து இதுல படுத்துக் கண்ணை மூடுறப்ப எனக்கு அண்ணன் ஞாபகம் வருது. ராவுன்னா ராவிட்டுப் போறேன். அதுக்கு மேல எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல.” “ரெண்டு வாரம்னு நான் அண்ணன்கிட்ட சொல்லல.”

மூன்று வருஷம். குளிக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் இந்த வாக்கியத்தை அவன் வாயிலிருந்து எத்தனை விதமாக வரவைத்துப் பார்த்திருப்பேன். அவன் காலில் விழுந்து சொல்வான், நான் எட்டி நிற்பேன். இல்லை, ஊரைக் கூட்டிச் சொல்வான். இப்படி, முகமூடிக்குள்ளிருந்து, கருவித் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வான் என்று நினைத்ததில்லை. மனசு ஆறவில்லை. பொங்கிக்கொண்டு வந்தது.

“சொல்லியிருப்பேன்னுதான் மொதல்ல நெனச்சேன் அண்ணி. எல்லாருக்கும் சொல்றதுதானே. அன்னைக்கு ஆளாளுக்குக் கேக்கறப்ப வாயில அப்படியே வந்துடுச்சு. அப்புறம் மாத்த முடியல.”

“அவகிட்ட சொல்லு” என்றேன்.

முப்பது வருஷத்தில் முதல்முறையாக அவனை ‘நீ’ என்றிருந்தேன். அவன் கை நின்றது.

“அது மட்டும் வேணாம் அண்ணி.”

“என்கிட்ட சொல்றதுக்கு எதுக்குய்யா? எனக்குத்தான் தெரியுமே. நான் அந்தச் சுவரோரம் உக்காந்திருந்தேன்ல.”

“அவ என்னைப் பாத்துத்தான் இந்தப் படிப்புக்கே வந்தா. இப்ப போயி… நாளைக்கு என்கூட எப்படி வேலை செய்வா?”

“என்கூட எப்படி இருக்கான்னு கேட்டியா ஒருநாளாவது? மூணு வருஷமா ஒரே வீட்டுல, அவ அப்பாவைக் கொன்னவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறா.”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரருக்கும் கண்ணாடி இல்லாதபோது அதே கண்தான், அதே இடுங்கல். அந்தப் பரிதாபத்தை அங்கேயே நெரித்துப் போட்டேன். பரிதாபப்பட்டுத்தான் அன்றைக்குக் கூடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“இதோட விட்டுடுங்க அண்ணி. மெட்டலோ இதுவோ, எதுல வேணும்னாலும் சொல்லுங்க, முதல்ல இருந்து அளவெடுத்து, பல்லு ரெண்டும் சரியாத் தொடுற மாதிரி புதுசாப் போட்டுத் தரேன். நல்லா மென்னு சாப்பிடுங்க. இன்னும் முப்பது வருஷம் இருக்கும் அது.”

உள்ளே பெட்டிகளை இழுக்கும் சத்தம் நின்றது. மகள் என்னுடைய பற்களின் அச்சைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள், தூசியை ஊதியபடி. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னும் இடிக்குதாம்மா?”

அவன் என்னைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, அவளோடு வீட்டுக்குப் போகலாம். நல்ல கேப் வரும். அவள் என்னைப் பார்க்கிற பார்வை அப்படியேதான் இருக்கும், கடைசிவரைக்கும்.

“இடிக்குது” என்றேன்.

அவள் கையுறை மாட்டிக்கொண்டு அவளே நீலத் தாளை வைத்துப் பார்த்தாள். எவ்வளவு பதமான கை அவளுக்கு. என் கன்னத்தை அவள் தொட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணிக்கொண்டேன். “ஒரு புள்ளிகூட விழலையே சித்தப்பா.”

“தாளை நம்பக் கூடாதுன்னு உங்க சித்தப்பாதானே சொல்லிக் கொடுத்தாரு? கடிக்கிறவளுக்குத்தான் தெரியும்.”

“கேப்ல இனிமே ராவ எடமில்லம்மா. மேல் பல்லைத்தான் ராவணும்.” குனிந்து பார்த்தாள். “அது நல்ல பல்லு. உயிரோட இருக்கு. ராவிட்டா திரும்பி வராது, ஆயுசுக்கும் கூச்சம் இருக்கும். சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. நல்ல பல்லைப் போயி யாராவது ராவுவாங்களா?”

அவன் நீலத் தாளை மடித்துத் தட்டில் வைத்தான்.

“சொல்லுங்க தம்பி” என்றேன். “எப்ப ராவணும், எப்ப ராவக் கூடாதுன்னு. பிள்ளை கேக்குறாள்ல, சொல்லிக் கொடுங்க. இல்லன்னா ராவுங்க.”

“என்னம்மா பேசற நீ?” என்றாள் மகள். அவள் குரலில் மூன்று வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது. எரிச்சல். எனக்கு அது தேனாக இருந்தது.

அவன் கருவியைக் கையில் எடுத்தான். விளக்கைப் பிடித்துக்கொள்ளும்படி அவளிடம் கண்ணால் காட்டினான். அவள் தயங்கித் தயங்கி விளக்கைச் சாய்த்தாள். கருவி சுழன்றது. அந்த ஊசிக்குரல் எழுந்தது, குளிர்ந்த தண்ணீர் தூறலாக என் உதட்டிலும் கன்னத்திலும் விழுந்தது. முனை என் மேல் பல்லுக்கு ஒரு நூல் இடைவெளியில் வந்து நின்றது. தொடவில்லை. விலகவும் இல்லை.

“சித்தப்பா?” என்றாள் மகள். “ஏன் அழறீங்க?”

முகமூடிக்கு மேலே அவன் கண்கள் என்னை விட்டு அவள் பக்கம் மெல்லத் திரும்பின. தண்ணீர் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாயை இன்னும் அகலமாகத் திறந்தேன்.